மூன்றாவது நினைவூட்டல்

ஜொகானஸ்பர்க்
மே 4

அன்புள்ள எனியோனம் அக்காவுக்கு,

தம்பி செலாசி எழுதுவது. ஹோ ஊரில் நல்லபடியாக விடிந்ததா? அம்மா இருக்கிறாளா? உன் பிள்ளைகள் இருக்கிறார்களா? கெக்கெலியும் அவன் மனைவி மக்காஃபுயியும் இருக்கிறார்களா? நான் இருக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு, அவ்வளவுதான்.

முறைப்படி எல்லாரையும் விசாரித்தாயிற்று. இனி சண்டைக்கு வருகிறேன்.

சித்தி பெற்ற ரத்தினம், உன் செல்லத் தம்பி கெக்கெலி, என் உயிரை வாங்குகிறான். நானும் அவனும் கல்லூரி விடுதியில் ஆரம்பித்த 'அக்பே' என்ற கணினி மொழி உனக்குத் தெரியும். "நன்றின்னு பேர் வச்சீங்க, உங்களுக்கு ஒருத்தரும் நன்றி சொன்ன மாதிரி தெரியலையே" என்று கேலி செய்தவள் நீதான். அதன் கம்பைலரில் ஒரு பிழை. நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதுதான் கம்பைலர். க்பாண்டோவில் தோட்டக்காரப் பெண்களின் தண்ணீர் பம்பு எங்கள் மொழியில்தானே ஓடுகிறது? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள் என்று கெக்கெலி அதற்கு எழுதி வைத்திருக்கிறான். எங்கள் கம்பைலர் மகா புத்திசாலி. 'இப்பத்தானே பாத்தோம், அதுக்குள்ள என்ன மாறிடப் போகுது' என்று, முதல் தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுகிறது. தொட்டி வற்றினாலும் பம்பு ஓடுகிறது. மோட்டார் புகைந்ததுதான் மிச்சம்.

கெக்கெலி ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறான். அவன் மடிக்கணினியில் சரியாக ஓடுகிறதாம். அது போதாது அக்கா. பம்பில் இருக்கிற நிஜ மின்சுற்றுப் பலகையில் ஓட்டிப் பார்த்து முடிவை அனுப்பினால்தான் சேர்ப்பேன். அது எங்கள் சட்டம், அவனும் சேர்ந்து போட்ட சட்டம். கேட்டால், "க்பாண்டோ என்ன பக்கத்துத் தெருவாண்ணே?" என்கிறான். சோம்பேறி. நீ சொன்னால் கேட்பான். கொஞ்சம் முடுக்கிவிடு.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

செலாசி

---

ஹோ
மே 12

அன்புள்ள தம்பிக்கு,

விடிந்தது. அம்மா இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். கெக்கெலி இருக்கிறான், மக்காஃபுயி இருக்கிறாள். உன் இடுப்புக்கு மருந்துக்கடைக்காரி சொல்கிறேன்: நாற்காலியை விட்டு எழுந்து நட. ஃபோனில் பேசினால் 'ம்', 'ம்' என்று மாடு மாதிரி அசைபோடுகிறாய். மின்னஞ்சல் கடிதத்தில்தான் முழு மனுஷனாக இருக்கிறாய், அதனால் கடிதமே எழுது.

நேற்று கெக்கெலி கடைக்கு வந்தான். அக்பிளேக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வைத்திருந்தேன், மூக்கு வியர்த்துவிட்டது போல. தின்ன விட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, பம்பு பம்புன்னு உங்கண்ணன் என் தலைய உருட்டுறான். போய்ட்டுத்தான் வந்துடேன்."

"அண்ணனுக்கு என்னக்கா, குளிருக்குப் போர்த்திக்கிட்டு சட்டம் பேசுவாரு. இந்த மழையில க்பாண்டோ ரோடு எப்படியிருக்கும்னே அவருக்கு மறந்துபோச்சு. திருத்தம் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா போய்க் காட்டிட்டு வா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எங்கிட்ட வந்து அழாதீங்க. ஒரு நாள் போய்ட்டு வந்தா அவன் வாய அடைச்சிடலாமில்ல?"

"சரி, உனக்காகப் போறேன். அவருக்காகன்னு நெனச்சிடப் போறாரு, சொல்லி வை."

மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டு போகிறானாம். தின்ற தட்டைக் கழுவாமல் ஓடிவிட்டான். நீங்கள் ரெண்டு பேரும் எழுதுகிற புத்திசாலிக் கம்பைலர் தட்டுக் கழுவாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜொகானஸ்பர்க்
மே 27

அன்புள்ள அக்கா,

எல்லாரும் இருக்கிறீர்களா? அம்மா, பிள்ளைகள், கெக்கெலி, மக்காஃபுயி? நான் இருக்கிறேன். நீ சொன்னபடி நடக்கிறேன், அலுவலகத்திலிருந்து காப்பி இயந்திரம் வரைக்கும்.

முடுக்கிவிட்டதற்கு நன்றி. ஆனாலும் இன்னும் முடிவு வரவில்லை. ஜூன் கடைசியில் புதிய வெளியீடு. சம்பளமா, சாப்பாடா, ஒன்றும் இல்லாத வேலை. ஆனால் எங்கெங்கோ இருப்பவர்கள் எங்கள் மொழியை நம்பி எதையெதையோ ஓட்டுகிறார்கள். பிழையோடு எப்படி வெளியிடுவது? இன்றைக்கு அவனுக்கு முதல் நினைவூட்டல் போட்டேன். மூன்று நினைவூட்டலுக்குப் பதில் இல்லையென்றால் மொழியைப் பராமரிப்பவர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். அதுவும் சட்டம்தான். தம்பி என்று சலுகை காட்டினால் மற்றவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

உனக்கு ஒன்று சொல்கிறேன், அவனிடம் சொல்லிவிடாதே. இந்தக் கம்பைலரில் நல்ல பகுதியெல்லாம் அவன் எழுதியதுதான். எனக்குச் சட்டம் எழுதத்தான் வரும். சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

செலாசி

---

ஹோ
ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். மக்காஃபுயி இருக்கிறாள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை. கடையைக் கொஞ்ச நாள் மூடி வைத்திருந்தேன்.

நீ ஒருமுறை ஊருக்கு வந்து போனால் நல்லது. அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஃபோன் பண்ணாதே, லைன் சரியில்லை. கெக்கெலிக்கு இப்போது எதுவும் அனுப்பிக்கொண்டிருக்காதே.

அங்கே நம் ஊர்ச் சங்கத்திலிருந்து பெரியவர் அமெகாஷி உன்னைப் பார்க்க வருவார். வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவை. தண்ணீர் கொடு. நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

ஜொகானஸ்பர்க்
ஜூன் 24

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். நான் இருக்கிறேன், தலைக்கு மேல் வேலை.

அனுப்பாதே என்கிறாயே, அவன் என்ன பச்சைப் பிள்ளையா? நீ கொடுக்கிற இடம்தான் எல்லாம். ஃபோன் பண்ணினால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. முதல் நினைவூட்டல் கிணற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது, இரண்டாவதற்கும் அதே கதி. நேற்று மூன்றாவதும் போட்டேன். எல்லாரும் பார்க்கிற எங்கள் பொதுப் பக்கத்தில், 'கெக்கெலி, உயிரோடுதான் இருக்கிறாயா?' என்று கேட்டுவிட்டேன். எங்களோடு சேர்ந்து எழுதும் பிரேசில்காரன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். ரோஷம் வந்தாவது பதில் சொல்லட்டும்.

உன் பெரியவர் சனிக்கிழமை வந்தார். மூன்று பேர், வேட்டி மாதிரி துணி போர்த்திக்கொண்டு, கையில் புட்டியோடு. திருவிழா வசூலாகத்தான் இருக்கும். நான் காதில் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே, "ஐயா, மாசக் கடைசி வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரமில்ல, அப்புறம் வாங்களேன்" என்றேன். அமெகாஷி, "நீ கேக்காம நாங்க சொல்லக் கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காசு கேட்கக்கூட இவர்களுக்கு எத்தனை மரியாதை பார்!

அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்.

செலாசி

---

ஹோ
ஜூன் 26

தம்பி,

அம்மா இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். மக்காஃபுயி இருக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் நீ கேட்டதற்கு மேலே யாரும் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொள். சிரித்தவனைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்.

அவர்கள் மறுபடி வருவார்கள். கதவைத் திற. தண்ணீர் கொடு. வந்த சேதி என்ன என்று நீயாகவே கேள். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

---

ஜொகானஸ்பர்க்
ஜூலை 2

அக்கா,

வெளியீடு முடிந்தது. பிழை திருத்தப்படாமலே போனது. முந்தாநாள் சட்டப்படி கெக்கெலியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். எடுத்த கையோடு உனக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நீ என்ன சொன்னாய் என்று பார்த்து அதற்கு எதிர்வாதம் செய்யலாமென்று பழைய கடிதங்களைத் திறந்தேன்.

மே மாதக் கடிதத்தில், 'கெக்கெலி இருக்கிறான்' என்று எழுதியிருக்கிறாய். அடுத்ததில் அம்மா இருக்கிறாள், பிள்ளைகள், மக்காஃபுயி. அதற்கடுத்ததிலும் அப்படியே.

மறந்துவிட்டாயா? நீ மறக்கிறவள் இல்லையே. ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. அக்கா, ஒரே ஒரு வரி எழுது. கெக்கெலி இருக்கிறானா?

செலாசி

---

ஜொகானஸ்பர்க்
ஜூலை 6

அக்கா,

நீ எழுதவில்லை. எழுத முடியாதென்று இப்போது புரிகிறது.

நேற்று மாலை அவர்கள் வந்தார்கள். கதவைத் திறந்து வைத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். அமெகாஷி நாலு சொட்டு தரையில் விட்டுவிட்டுக் குடித்தார், மற்றவர்களுக்குக் கொடுத்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால்தானே சொல்வார், கேட்காவிட்டால் அவன் இருப்பான் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

"கேளுப்பா," என்றார்.

"வந்த சேதி என்னங்கய்யா?"

"உந்தம்பி ரோட்டுல போய்ட்டான்பா. போன தடவ வந்ததும் இதுக்குத்தான்."

போன தடவை வாசலோடு திருப்பி அனுப்பினேனே! மூன்று கிழவர்களும் பேருந்து பிடித்து, புட்டியைத் தூக்கிக்கொண்டு, சொல்லாத சேதியோடு திரும்பிப் போனார்களே! ஒருவர்கூட என்மேல் கோபப்படவில்லை. "நீ என்ன பண்ணுவ, உனக்குத் தெரியாது" என்று முதுகைத் தட்டினார்கள். இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

ஜூன் முதல் வாரம் என்கிறார்கள். அப்படியென்றால் நான் பொதுப் பக்கத்தில் அதைக் கேட்டபோது அவன் பிணவறையில் இருந்தான். அந்த வரியை அழிக்கப் போனேன். கை வரவில்லை. அதை யார் யார் பார்த்தார்கள் அக்கா?

இன்னொன்று. எங்கே போகிற ரோட்டில்? அமெகாஷிக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறேன். அதற்கு முன்னால் நீயே எழுது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

செலாசி

---

ஹோ
ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

அழுதாயா? அழு. நாங்கள் அழவே எத்தனை நாள் காத்திருந்தோம் தெரியுமா? சாலையில் போன உயிர், அந்த இடத்திலிருந்து அவனை முறைப்படி அழைத்து வரும்வரை வீட்டில் சத்தம் போட்டு அழக்கூடாது என்றார்கள். கேட்டா ஊரில் இருக்கும் அவன் அப்பா வழியாருக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் கோபித்துக்கொள்ள, சமாதானம் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் உனக்கு. அதுவும் ஆள் மூலம்தான். தனியாக இருக்கிறவனுக்கு ஃபோனில் சொல்லி, அவன் விழுந்தால் தாங்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் ஃபோன் வேண்டாம் என்றேன். பொய் எழுதவும் மனசு வரவில்லை. அவன் பெயரை மட்டும் விட்டேன். நீ உடனே பார்த்துவிடுவாய் என்று நினைத்தேன்.

யார் பார்த்தார்கள் என்று கேட்டாய். அவன் ஃபோன் மக்காஃபுயியிடம் இருக்கிறது. தினமும் மின்னேற்றி வைக்கிறாள். நீ போட்ட மூன்றையும் அவள்தான் பார்த்தாள். மூன்றாவது வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "அக்கா, அண்ணன் கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். "எதுவும் சொல்லாதடி, பெரியவங்க இன்னும் சொல்லல" என்றேன். அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். அதை அழிக்க வேண்டாம் என்கிறாள்.

எங்கே போகிற ரோடு என்று உனக்குத் தெரியும். க்பாண்டோ. புது டயர்தான். எதிரே வந்த லாரி மழையில் சறுக்கிவிட்டது. நீ அவனைப் போகச் சொல் என்றாய், நான் அவனைப் போகச் சொன்னேன். 'உனக்காகப் போறேன்' என்றுதானே சொன்னான்? அதனால் முழுவதும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. எனக்குப் பாதி விடு.

வா. வந்தால் பேசலாம், பேசாவிட்டாலும் சரி.

அக்கா

---

க்பாண்டோ
ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

நீ இருக்கிறாயா? அம்மா இருக்கிறாளா? பிள்ளைகளும் மக்காஃபுயியும் இருக்கிறார்களா? நான் இருக்கிறேன். அடக்கம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் இங்கே கிளம்பி வந்துவிட்டேன் என்று அம்மாவுக்குக் கோபம் இருக்கும். நீ சமாளித்திருப்பாய்.

பம்புக் கொட்டகையில்தான் இருக்கிறேன். தோட்டக்காரப் பெண்கள் படுக்கப் பாய் கொடுத்தார்கள், கறிவேப்பிலைக் கொழுந்து மாதிரி தாங்குகிறார்கள். தலைவி அத்ஸுபா முதல் நாளே கேட்டாள்: "கெக்கெலிக்கு அண்ணனா நீ? அவன் சிரிச்சுக்கிட்டே இருப்பான். நீ ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க?" அவளுக்கு என்ன சொல்வேன்?

அவன் திருத்தத்தை நிஜப் பலகையில் ஓட்டினேன். சரியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் அக்கா. சரியாக வந்தால், இவ்வளவு தூரம் அவனை அனுப்பியே இருக்க வேண்டாம், குற்றம் என்னுடையதுதான் என்று ஆகிவிடும். அந்தத் தண்டனையை வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன்.

சரியாக வரவில்லை. இங்கே இரண்டு தொட்டி. கீழ்த் தொட்டியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது, மேல் தொட்டியைப் பழையபடி ஒரு தடவையோடு விட்டுவிடுகிறது. மடிக்கணினியில் இது தெரியவே தெரியாது. நிஜப் பலகையில் பார்க்கச் சொன்னது சரிதான். நான் சொன்னது சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கொட்டகையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மோட்டார் போய்விட்டதாக்கும் என்று பெண்கள் ஓடி வந்தார்கள்.

அவன் எழுதியதோடு இரண்டு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. அவன் உயிரோடு இங்கே வந்து சேர்ந்திருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் முடித்திருப்பான். "பாத்தியாண்ணே, நீ சொன்னது சரிதான், இனி வாய மூடு" என்றிருப்பான். நேற்று சேர்த்துவிட்டேன், அவன் பெயரிலேயே. பம்பு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறது. பட்டியலிலும் பெயரைத் திரும்பப் போட்டேன்.

மூன்று நினைவூட்டல் சட்டத்தையும் எடுத்துவிட்டேன். பதில் வராவிட்டால் அவர் வீட்டாரிடம் கேட்காமல் யார் பெயரையும் எடுக்கக் கூடாது என்று மாற்றினேன். "உலகத்தில் எந்த மூலையிலோ இருப்பவரின் வீட்டாரை எப்படிக் கேட்பது?" என்று அந்தப் பிரேசில்காரன் எழுதினான். எப்படியாவது கேள், கேட்டுவிட்டு எழுது என்றேன்.

பொதுப் பக்கத்தில் கெக்கெலியிடம் நான் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது. மக்காஃபுயி சொன்னபடி அழிக்கவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். நாளை மறுநாள் அங்கே வருகிறேன். அடக்கத்தன்று தலை நிமிரவில்லை, இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் தெரியவில்லை.

செலாசி

---

ஹோ
ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா இருக்கிறாள், உன்மேல் கோபமாகவே இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இருக்கிறேன்.

காலையில் மக்காஃபுயி கடைக்கு வந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு வரிதான் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். பிறகு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பம்பு நிக்குதா அக்கா?" என்றாள். "நிக்குதாம்" என்றேன். "அப்ப சரி. பெரியவங்கதான் சொல்லிட்டாங்களே, இனி நான் பதில் சொல்லலாமில்ல? கேட்ட மனுஷன் எத்தனை நாள் காத்துக்கிட்டிருப்பாரு" என்றாள்.

அவன் ஃபோனை எடுத்து, உன் கேள்விக்குக் கீழே அவன் கணக்கிலிருந்தே எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்.

'இல்லை அண்ணே. வீட்டில் மற்றவர்கள் இருக்கிறோம்.'

பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் போடு. அக்பிளேக்கு மாவு கரைத்து வைக்கிறேன், வந்து சேர்.

அக்கா